துறவிக்குப் பிடித்த மஞ்சள்

சேர்மன் வீட்டம்மா ருக்குமணியம்மாள் சுவரில் வைத்த பொட்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நழுவிக் கீழே விழுந்தது.

பொத்தென்று விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தனம் முதலில் ஓரத்தில் சுருண்டது. பிறகு தன் மேல் இருந்த குங்குமத்தையும் கூட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்கும் முழங்கால் வலிக்காரரைப் போல நின்று நின்று சுவரில் இறங்கி, ருக்குமணியம்மாளின் புதுச் செருப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். தவில்காரருக்கு விஷயம் தெரியாததால் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு அவரும் நிறுத்தினார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, சேர்மன் குழந்தைவேலு உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்த்தார்கள்.

இருந்தார். முகம்தான் நன்றாக இல்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வான்மதிக்கு மட்டும் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். பெண்கள் பள்ளியின் அந்த நீளமான மதில்சுவரில் பூசி, அன்று விழா எடுத்துத் தொடங்கிவைத்த பூச்சு அவள் கண்டுபிடித்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை, ஊர்ப் பெரியவர் நீட்டிய மிட்டாயையும் வாங்காமல் கையைக் கட்டி நின்றதுபோல இருந்தது.

அந்தப் பூச்சுக்கு அவள் முதலில் வைத்த பெயர் 'தாமரை இலை'. தண்ணீர் ஒட்டாத பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. செங்காட்டூர் நகராட்சிக் கூட்டத்தில் அதைக் கேட்ட சேர்மன், ஒரே பெயரில் ரெண்டு கட்சியை வைத்திருக்கிறாயே அம்மிணி, நான் மூன்றாவது கட்சி, தலைமைக்கு என்ன பதில் சொல்வது என்று வருத்தப்பட்டார். அவளுடைய பங்குதாரன் அமலதாஸ் அங்கேயே உட்கார்ந்து வேறு பெயர்கள் யோசித்தான். வானத்திலும் வயலிலும் கட்சிக்காரர்கள் விட்டுவைத்த பொருள் ஒன்றுகூட இல்லை. கடைசியில், எதன் மேலும் பற்று இல்லாதது என்பதால் 'துறவி' என்று முடிவானது. துறவிகள் கட்சி ஆரம்பித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் சேர்மன்.

எப்படி வேலை செய்யும் என்று கவுன்சிலர்கள் கேட்டபோது, அமலதாஸ்தான் எழுந்து விளக்கினான். பாம்பு சட்டை உரிப்பதுபோலத்தான். பூச்சு தன் மேல் வந்து விழுவது என்னவென்று ருசி பார்க்கும். பெயிண்ட், தார், சுவரொட்டிப் பசை என்று தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தோலை உரித்து, வந்ததை அதோடு சேர்த்து இறக்கி விட்டுவிடும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சுவர் சுத்தம்.

"ஒண்ணுக்குப் போனா?" என்று பின்வரிசைக் கவுன்சிலர் கேட்டார்.

"அதும் ஒட்டாதுங்க. திரும்பி வரும்."

"யாருகிட்ட?"

"அனுப்புனவங்ககிட்டயே."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுவர்களின் காலடியில் பதித்திருந்த சாமி டைல்ஸையெல்லாம் பெயர்த்து எடுத்தார்கள். மூன்று மதங்களும் பல வருடங்களாகச் சேர்ந்து பார்த்துவந்த காவல் வேலையிலிருந்து ஒரே நாளில் ஓய்வு பெற்றன.

வான்மதிக்குச் சுவர்கள் மேல் கோபம் வந்தது ஒன்பது வயதில். அவளுடைய அக்கா பொன்மதி அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் விடியற்காலையில் பால் ஊற்றப் போன வான்மதி, பஸ் ஸ்டாண்டு சுவரில் தாரில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்: பொன்மதி – சேகர். சேகர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் சுவரில் ஏறினால் அடுத்து என்ன நடக்கும் என்பது அந்த ஊரில் ஒன்பது வயதுக்கும் தெரியும். வீட்டுக்கு ஓடி மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்துவந்து, கை கொப்புளிக்கத் தேய்த்து அழித்தாள். பெயர் போய்விட்டது. ஆனால் அதற்குள் பால் சொசைட்டியில் எல்லோரும் படித்து முடித்திருந்தார்கள். வைகாசியில் பொன்மதிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை துரைசாமி, லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர். பரீட்சையில் அவள் பள்ளியிலேயே முதல் மார்க் என்பது தாலி கட்டிய பிறகுதான் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தால் என்று, வளர்ந்து கெமிஸ்ட்ரி படித்து ஆராய்ச்சி முடித்த பிறகும் வான்மதி யோசித்துக்கொண்டிருந்தாள். சுவர் தானாகவே அழித்துக்கொண்டால் யாரும் ஓட வேண்டியதில்லை. துறவி பிறந்த கதை அவ்வளவுதான்.

பொட்டு விழுந்த வாரம் சேர்மன் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கூடத்தில் அவருடைய கட்சித் தலைவர்கள் படங்களாகத் தொங்கினார்கள். அவர்களில் ஒருவர் நெற்றியிலும் பொட்டு இல்லை.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங் அம்மிணி. எங்க கட்சி அப்படி. ஆனா ஊட்டுல அன்னைலருந்து சோறு ஆக்கலீங்" என்றார் குரலைத் தாழ்த்தி. "குங்குமத்தை மட்டும் ஒட்டற மாதிரி பண்ணிக் குடுத்தரோணும்."

அது ஒன்றும் கஷ்டமில்லை என்று வான்மதி சொன்னாள். குங்குமம் என்பதே மஞ்சள்தான். சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் சிவப்பாகிவிடும். எனவே மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டால் குங்குமமும் கூடவே உள்ளே வந்துவிடும். சந்தனத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்துகொண்டால் சந்தனமும் நிற்கும்.

அமலதாஸ் தலையைச் சொறிந்தான். "யாராச்சும் மஞ்சள்லயே எழுதுனா?"

சேர்மன் சிரித்தேவிட்டார். "மஞ்சள்ல போயி யாருங் கெட்டது எழுதுவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில் மணிக்குப் பதில் தேவாலய மணி கேட்டு வளர்ந்த அமலதாஸ், இது தனக்குத் தெரியாத விஷயம் போல என்று வாயை மூடிக்கொண்டான். தெரிந்த வான்மதிக்கும் அந்தப் பதில் நியாயமாகவே பட்டது. மஞ்சளைக் கண்டால் கை தானாக மரியாதையாகிவிடும் என்று அவளும் நம்பினாள். மூன்று பேரும் சேர்ந்து செய்த தப்பு அது ஒன்றுதான்.

அதோடு விட்டிருக்கலாம். மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும். பொட்டு வெளுத்தால் ருக்குமணியம்மாள் மறுபடியும் அடுப்பை அணைப்பார். எனவே வான்மதி, பூச்சு மஞ்சளை உள்ளே இழுத்து விழுங்கி மேலே மூடிக்கொள்ளும்படி செய்தாள். வெயில், மழை, பிரஷ், எதுவும் அதைத் தொட முடியாது. புதுத் துறவியை ஊர் முழுக்கப் பூசினார்கள். ருக்குமணியம்மாள் பள்ளிச் சுவரில் மறுபடியும் பொட்டு வைத்தார். நின்றது. சேர்மன் அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டார்.

சில மாதங்கள் செங்காட்டூர் கண்ணாடிபோல இருந்தது. அது பலருக்குப் பிடிக்கவில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இல்லாததால், செத்தவர்களை ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்க வேண்டியிருந்தது. ஆட்டோ கிழக்கு வீதிக்கு வருவதற்குள் பிணம் சுடுகாட்டுக்குப் போய்விடும். காதலர்கள் பஸ் சீட்டின் முதுகுக்கு இடம் மாறினார்கள். ஒதுங்கப் போனவர்கள் பேண்ட்டை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் ஒரு டியூஷன் வாத்தியார். மஞ்சளைக் குழைத்து, 'கணக்கு, மாலை ஆறு மணி' என்று எழுதிப் பார்த்தார். நின்றது. மறுநாள் கட்சிக்காரர்கள் மளிகைக் கடையில் மஞ்சள்தூளைக் காலி செய்தார்கள். அந்த வார முடிவில் வாழ்த்துகளும் வசவுகளும் ஊர் முழுக்க மங்களகரமாக எழுதப்பட்டிருந்தன. எதிர்க்கட்சிக் கவுன்சிலரின் பிறப்பைப் பற்றிய ஒரு சந்தேகம், மஞ்சளில் எழுதிக் குங்குமத்தில் ஓரம் கட்டப்பட்டிருந்தது. தேய்த்து எடுக்க நகராட்சி அனுப்பிய பெண்கள், மஞ்சளைச் சுரண்டுவது தங்களால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். சுரண்டினாலும் போயிருக்காது.

இந்த நிலைமையில்தான், பங்குனியில், பெண்கள் பள்ளிச் சுவரில் அந்தப் பெயர் வந்தது: தாரணி – ஹரிஷ். நடுவில் அம்பு தைத்த ஓர் இதயம்.

தாரணி, பொன்மதியின் மகள். பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்பது அவளுடைய திட்டம். அதற்கு முக்கியமான உயிரியல் பரீட்சை திங்கட்கிழமை.

வான்மதி அக்கா வீட்டுக்குப் போனபோது, துரைசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரணியின் செல்போன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"ஹரிஷா கிரிஷா, அவன் யாருன்னே எனக்குத் தெரியாது சித்தி" என்றாள் தாரணி உள்ளேயிருந்து. "பாய்ஸ் ஸ்கூலுப் பையனாம். எவன்கூடயோ பெட்டுக் கட்டி எழுதியிருக்கான். அந்த ஹார்ட்டப் பாத்தியா? ஹார்ட்டு அப்படியா இருக்கும்? ஆட்டோட ஹார்ட்டுகூட அப்படி இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், துரைசாமியின் அக்கா மகனுக்கு நிச்சயம் மட்டும் செய்துவிடலாம், கல்யாணம் வயது வந்த பிறகு என்று விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பரீட்சை வேண்டாம். தினமும் அந்தச் சுவரைத் தாண்டி அவள் நடக்க வேண்டாம். சுவரில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, அதற்காகப் பிள்ளையின் பரீட்சையை ஏன் நிறுத்த வேண்டும் என்று பொன்மதி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். துரைசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வான்மதியைத்தான் பார்த்தார்.

"இத பாரு அம்மிணி. முன்னயெல்லாம் தார்ல எழுதுவான், கரியில எழுதுவான். நாலு மழ பேஞ்சாப் போயிரும். ஊரும் மறந்துரும். இது போகவே போகாதுன்னு நீயே பேப்பர்ல பேட்டி குடுத்திருக்கற. எம்பொண்ணு கெழவியானாலும் அந்தப் பேரு அங்கதான் இருக்கும். நான் என்ன பண்றது?"

வான்மதி அந்தப் பேட்டியை வெட்டி ஃபிரேம் போட்டு ஆபீசில் மாட்டியிருந்தாள்.

"நான் அழிச்சுக் குடுத்தா, மாமா?"

"அழிச்சுக் குடு. ஞாயித்துக்கெழம ஒறம்பரை வர்றதுக்குள்ள அழிச்சுக் குடு. பரீட்ச எழுதட்டும். மத்தத பொறகு பேசலாம்."

அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்த அத்தனை புட்டிகளையும் எடுத்துக்கொண்டு பள்ளிச் சுவருக்குப் போனாள். எதிர்த்த டீக்கடையில் கூட்டம் சேர்ந்து, எலுமிச்சம்பழம் போடு, புளி போடு, பெட்ரோல் போடு என்று யோசனை சொன்னது. எல்லாம் போட்டாள். துறவி அவற்றையெல்லாம் மரியாதையாக இறக்கி விட்டுவிட்டு, தாரணியைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. அந்த இடத்துச் சிமெண்ட்டையே பெயர்த்துவிடலாமா என்று சேர்மனிடம் கேட்டாள். அவர் பதறிப்போனார். அதே சுவரில்தான் அவர் வீட்டம்மா வைத்த பொட்டு இருந்தது. இந்தப் பக்கம் உளி வைத்தால் அந்தப் பக்கம் உதிராது என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்? அவருக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனால் சோறு வேண்டும்.

வியாழக்கிழமை நகராட்சி இன்ஜினியர் போன் செய்தார். சனிக்கிழமை மாரியம்மன் பண்டிகையில் மஞ்சள் நீராட்டு. ஊரே குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கரைத்து மாமன், மச்சான், கொழுந்தியாள் என்று முறைக்காரர்கள் மேல் ஊற்றும் நாள். சுவர்களில் பட்டுவிடாமல் தார்பாய் கட்ட வேண்டும் என்று மேடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தீர்களே, எத்தனை தார்பாய் வாங்குவது என்று கேட்டார்.

வான்மதி கணக்கு எழுதப் பேனாவை எடுத்தாள்; எழுதாமலே மூடி வைத்தாள். பிறகு, தார்பாய் வேண்டாம், நான் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அமலதாஸ் மறுபுறம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அமலா, பூச்சு வயிறு ரொம்பினா அதுக்கு மேல மஞ்சள் குடிக்காது, இல்லயா?"

"குடிக்காது. நீதான் கண்டுபுடிச்சே."

"எழுத்து இருக்கற எடம் ரொம்பிக் கெடக்குது. மீதிச் சுவரும் ரொம்பிருச்சுன்னா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "எல்லாம் ஒரே மஞ்சள். எழுத்து இருக்கும், ஆனா தெரியாது." கொஞ்சம் யோசித்தான். "ஆனா முழுச்சுவரும் ரொம்புனா பூச்சுக்கு உரிக்கத் தோல் இருக்காது மதி. செத்துரும். அதுக்குத்தானே தார்பாய் கட்டச் சொன்னே."

"தெரியும்."

"அந்த ஒரு சுவத்துக்கு மட்டும் ஊத்துனா ஆகாதா?"

ஆகாது என்றாள். ஒரு சுவர் மட்டும் மஞ்சளானால், அதில் எதை மறைத்தார்கள் என்று ஊர் கேட்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளும். பார்க்காதவனுக்கும் பார்த்தவன் சொல்லுவான். ஊரே மஞ்சளானால்தான் அதில் தாரணி இருக்க மாட்டாள்.

அமலதாஸ் சுவரில் மாட்டியிருந்த பேட்டியைப் பார்த்தான். பக்கத்து ஜில்லாவிலிருந்து துறவியை வாங்குவதற்காக அடுத்த வாரம் ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் தங்க லாட்ஜில் அறையெல்லாம் போட்டாயிற்று. அவன் எழுந்துபோய் டம்ளரைக் கழுவி, தேவைக்கு மேலேயே கழுவி, கவிழ்த்து வைத்தான்.

"அதெப்படி, ஊரே சுவத்துல ஊத்தோணும்னு போயிச் சொல்லுவியா? சொன்னா ஒருத்தனும் ஊத்த மாட்டான்."

"தெரியும். அதனாலதான் ஊத்தக் கூடாதுன்னு சொல்லப் போறேன்."

முதல்முறையாக அவன் சிரித்தான்.

சேர்மன் அவளுடைய பொறுப்புணர்ச்சியை மெச்சினார். வெள்ளிக்கிழமை முழுக்க, செத்தவர்களை அறிவிக்கும் அதே ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றியது: மஞ்சள் நீராட்டின்போது நகராட்சிச் சுவர்கள் மீது மஞ்சள் நீர் ஊற்றுவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது; மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். முதல் சுற்றில் யாரும் காது கொடுக்கவில்லை. இரண்டாவது சுற்றில் டீக்கடையில், அது என்ன சுவர், அதற்கு என்ன அவ்வளவு பவிசு என்று பேச்சு வந்தது. மூன்றாவது சுற்றில், வாழ்நாளில் சுவரைத் திரும்பிப் பார்த்திராத பெண்கள் வாசலில் நின்று சுவரை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை காலையில், பண்டிகைக்காக நட்டிருந்த கோயில் கம்பத்தைப் பிடுங்கி வாய்க்காலில் விட்டதும் ஊர் கட்டவிழ்ந்தது. முதல் குடம் எந்த முறைக்காரன் மேலும் விழவில்லை. நேராக நகராட்சி அலுவலகச் சுவரில் விழுந்தது. ஊற்றியவர் ரேஷன் கடைக்காரர். என்ன நடவடிக்கை எடுக்கிறார்கள் பார்க்கிறேன் என்று சுற்றிலும் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு சுவர்களுக்குத்தான் பண்டிகை. மாமன்மார்கள் காய்ந்த வேட்டியோடு ஏமாந்து நின்றார்கள். டிராக்டரில் டிரம் வைத்துக் கொண்டுவந்தார்கள். பம்ப் செட் ஹோஸைப் பிடித்தார்கள். ஒரு போலீஸ்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் சுவரில் தன் பங்குக்கு ஒரு சொம்பு ஊற்றினார். துறவி குடித்தது. விட்டால் போதும் என்று காத்திருந்ததுபோல, ஊர் கொடுத்ததையெல்லாம் குடித்தது.

பள்ளிச் சுவருக்கு வான்மதி போய்ச் சேர்ந்தபோது, பொன்மதி அங்கே இருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தைத் தோளுக்கு மேலே தூக்கி வீசி ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்காவை வான்மதி அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. குடம் காலியாகும்போதெல்லாம் அமலதாஸ் நிரப்பிக் கொடுத்தான். தலை முதல் கால் வரை மஞ்சளாக இருந்தான். அவனைத் தங்களில் ஒருவனாக எடுத்துக்கொண்ட நான்கு கிழவிகள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் துரைசாமி பைக்கில் வந்தார். இறங்கி, பெயர் இருந்த இடம் என்று நினைத்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு இரண்டு அடி தள்ளிச் சுரண்டினார். பிறகு அங்கேயிருந்து எதிர்ப்பக்கம். இடம் எதுவென்று அவருக்கே தெரியவில்லை. கடல் போன்ற மஞ்சளில் ருக்குமணியம்மாளின் பொட்டு மட்டும் சிவப்பாக இருந்தது.

"பொட்டு நல்லா எடுப்பாத் தெரியுது" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஒறம்பரை ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஊர் ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது என்பதையே பேசிவிட்டுப் போனார்கள். நிச்சயப் பேச்சை எடுக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. துரைசாமியும் எடுத்துக் கொடுக்கவில்லை.

துறவி திங்கட்கிழமை விடிவதற்குள் செத்துவிட்டது. முதலில் அறிந்தவர், பழக்க தோஷத்தில் ஸ்டேஷன் சுவரோரம் ஒதுங்கி, எதற்கும் தயாராகக் காலை அகட்டி நின்ற ஒரு பெரியவர். எதுவும் திரும்பி வரவில்லை. அவர் சுவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார். முதல் சுவரொட்டி ஒரு கண்ணீர் அஞ்சலி. இறந்தவர் தை மாதமே இறந்திருந்தார். வீட்டார் அச்சடித்து வைத்துக்கொண்டு சுவருக்காகக் காத்திருந்தார்கள். எதிர்க்கட்சி, ஊருக்கே ஒரு சாதிச் சங்கத்தின் கொடி வண்ணம் பூசிவிட்டதாகச் சேர்மன் மேல் புகார் கொடுத்தது. லாட்ஜ் அறைகளை அமலதாஸ் ரத்து செய்தான். பிறகு, ஜன்னல் கண்ணாடிக்கு ஏதாவது செய்யலாமா, அதில் யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள் என்று வான்மதியிடம் கேட்டான்.

அந்தத் திங்கட்கிழமைக் காலையில் தாரணி உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையும் பள்ளிச் சுவரோரம் வேப்பமர நிழலில் காத்திருந்தார்கள். பக்கத்தில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் திறந்து கரியை ஊதிக்கொண்டிருந்தார். பொன்மதி அவரிடம் போய், அணைந்துபோன கரித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எதுக்குக்கா?"

"சும்மா." அவள் கரியை உள்ளங்கையில் உருட்டினாள். "வானு, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல என்ர பேர எழுதுனது யாருன்னு நெனச்ச?"

"அந்தச் சேகர்தான். வேற யாரு?"

"அவனுக்கு அவ்ளோ தைரியமெல்லாம் கெடையாது" என்று பொன்மதி சிரித்தாள். "நாந்தான் எழுதுனேன்."

இஸ்திரிக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் ஊதினார்.

அவன் வேலைக்குப் பெங்களூருக்குப் போகும் நாள் அது என்று பொன்மதி சொன்னாள். முதல் பஸ். போவதற்கு முன்னால் ஒரு பதில் கேட்டிருந்தான். வீட்டில் போன் இல்லை, நின்று பேச வழியில்லை. பதில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருக்கும், பார்த்தால் பஸ் ஏறாதே, இல்லையென்றால் போ என்று ஒரு சிநேகிதியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். ரோடு போட வைத்திருந்த தாரில் குச்சியை முக்கி எழுதினாள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்றுதான் அவ்வளவு பெரிதாக எழுதினாள்.

"அவன் வந்தான். சுவத்தப் பாத்தான். மண்ணெண்ணெ வாசந்தான் இருந்துச்சு. பஸ் ஏறிட்டான். நான் எதுத்தாப்பல பூக்கடைகிட்ட நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"கையெல்லாம் கொப்புளத்தோட வந்து, 'அக்கா, நான் அழிச்சுட்டேன்'னு நின்ன. ஒம்பது வயசு. உங்கிட்ட என்னன்னு சொல்றது?" பொன்மதி கரித்துண்டின் முனையை ஊதிப் பார்த்தாள். "அதுக்குன்னு மூஞ்சியத் தூக்காதே. அவனும் ஒண்ணும் அப்படிப் பெரிய ஆளில்ல. இப்ப பவானியில கடை வெச்சிருக்கான். வயிறு கடைக்கு வெளிய நிக்குது. பெயிண்ட்டுதான் விக்கறான்."

அவள் எழுந்து சுவரிடம் போனாள். துறவி இல்லாத சுவர் எதையும் ருசி பார்க்காமல் நின்றது. மஞ்சளின் மேல், தோள் உயரத்தில், பொன்மதி என்று கரியால் நிதானமாக எழுதினாள். வான்மதி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் கோடு இல்லை, வேறு பெயர் இல்லை. அவ்வளவுதான்.

நல்ல மழை ஒன்று பெய்தால் போய்விடும். வான்மதியின் கை, அவளைக் கேட்காமலே, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டைக்குப் போயிருந்தது.

"வானு" என்றாள் பொன்மதி, திரும்பிப் பார்க்காமல். "இதையாச்சும் அழிக்காம இரு."

வான்மதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.